தை மாதத்து இரண்டு நாள் தூண்டிலுக்கு எந்தத் தண்ணீர்? காவேரிப்பாக்கம், சாத்தனூர், மோர்தானா: ஓர் ஒப்பீடு

மார்கழியில் எங்கள் பக்கம் பாதி வீடுகளில் மீன் சட்டி அடுப்பேறாது. ஒருவர் மாலை போட்டிருப்பார், இன்னொருவர் விரதம் இருப்பார். பொங்கல் முடிந்து எல்லோரும் பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் தூண்டில்காரர்களுக்குள் பேச்சு கிளம்பிவிடும். சனி, ஞாயிறு இரண்டு நாள் ஒரு பெரிய தண்ணீர்க் கரையில் உட்கார வேண்டும், எங்கே போகலாம்? வேலூரிலிருந்து புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பெயர்களைத்தான் சொல்வார்கள்: காவேரிப்பாக்கம் ஏரி, சாத்தனூர் அணை, மோர்தானா அணை. மூன்றுமே பழைய வட ஆற்காடு மாவட்டத்துத் தண்ணீர்தான். 1989இல் திருவண்ணாமலைப் பக்கம் தனியாகப் பிரிந்தபோது சாத்தனூர் அந்தப் பக்கம் போனது. 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாக்கியபோது காவேரிப்பாக்கம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குள் வந்தது. மோர்தானா மட்டும் வேலூரோடே இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூண்டில்தான் நோக்கம் என்றால் காவேரிப்பாக்கம். குடும்பத்தோடு போய் மீன் சாப்பிட்டு வருவதுதான் நோக்கம் என்றால் சாத்தனூர். மோர்தானாவுக்கு ஒரு பகல் போதும், இரண்டு நாள் திட்டம் அங்கே வேண்டாம். பலபேர் அணையின் பெயரைப் பார்த்தும், மீனின் அளவைப் பற்றிக் கேட்ட கதையை வைத்தும் முடிவெடுக்கிறார்கள். குளிர்காலத்தில் பார்க்க வேண்டியது வேறு. பகல் வெயிலில் சூடாகும் தண்ணீர் நம் தூண்டிலுக்கு எட்டுமா, அந்த இடத்தில் நம்மை உட்கார விடுவார்களா? இந்த இரண்டும்தான் முக்கியம்.

மீனின் உடம்புக்கென்று தனிச் சூடு கிடையாது. சுற்றியிருக்கும் தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதுவும் அந்தச் சூட்டில்தான் இருக்கும். தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், பசி குறையும், இரையைத் துரத்தவும் மனசு வராது. கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் 25 முதல் 30 டிகிரி வரையுள்ள தண்ணீரில் நன்றாக மேயும். ஜிலேபி 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் அது இரை எடுப்பதை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். வேலூரில் தை மாத விடியற்காலையில் காற்று 17, 18 டிகிரிக்கு இறங்குகிறது. மதியம் 28, 29 வரை ஏறிவிடுகிறது. இவ்வளவு இறக்கம் ஏற்றம் ஒரே நாளுக்குள் நடப்பதால், காலை ஆறு மணிக்கும் பதினொரு மணிக்கும் ஒரே கரையில் மீன் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும்.

டொராண்டோவில் இருக்கும் என் மாமா பையன் குளிர்காலத்தில் சிம்கோ ஏரியில் மீன் பிடிக்கப் போவான். 700 சதுர கி.மீ.க்கு மேல் பரந்த ஏரி அது. மேல்பரப்பு உறைந்து கல்லாகிவிடும். தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 10 செ.மீ. கனமாவது இருந்தால்தான் கால் வைப்பார்கள். அதில் துளை போட்டு, துளைக்குள் தூண்டில் நரம்பை இறக்கிக் காத்திருப்பார்கள். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அதனால் அங்கே அடித்தண்ணீர் 4 டிகிரியில் தங்கிவிடும், பனிக்கட்டியை ஒட்டிய மேல்தண்ணீர் அதைவிடக் குளிர்ந்திருக்கும். நம் ஏரிகளில் தலைகீழ். இங்கே வெயில் விழும் மேல்தண்ணீரும் ஆழம் குறைந்த ஓரமும்தான் முதலில் சூடாகும். ஆனாலும் அவன் சொல்லும் யோசனை இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. குளிரில் கிடக்கும் மீனுக்குச் சின்ன இரை போடு, அதன் வாய்க்குப் பக்கத்திலேயே போடு, அவசரப்பட்டு இழுக்காதே என்பான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு காவேரிப்பாக்கத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று இது. பல்லவர் காலத்து ஏரி, மூன்றாம் நந்திவர்மன் வெட்டியது என்று சொல்வார்கள். பரப்பு 3,968 ஏக்கர், கரை 8 கி.மீ.க்கு மேல் நீளம், முழுக் கொள்ளளவு 1.474 டி.எம்.சி., அதாவது 1,474 மில்லியன் கன அடி. மதகுப் பக்கம் ஆழம் 30 அடியைத் தாண்டும். ஆனால் பரப்பையும் கொள்ளளவையும் வைத்துக் கணக்குப் போட்டால் சராசரி ஆழம் 9 அடிகூட வராது. குளிர்காலத் தூண்டிலுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. அவ்வளவு அகலமான, ஆழம் குறைந்த தண்ணீர் நாலு மணி நேர வெயிலுக்கே மாறிவிடும்.

ஏரி என்பதால் அதன் வடிவமும் நமக்குச் சாதகம். கரையை ஒட்டித்தான் ஆழம். எதிர்ப்பக்கம் உள்வாய் நோக்கிப் போகப் போக ஆழம் குறைந்துகொண்டே போய், புல்லும் கருவேல மரங்களும் நிற்கும் சேற்றுத் தண்ணீரில் முடியும். ஆக ஒரே ஏரியில் இரண்டு விதமான இடம் கிடைக்கிறது. காலையில் கரையில் உட்கார்ந்து ஆழத்தில் போடலாம். இரவு முழுவதும் ஓரத் தண்ணீர்தான் சீக்கிரம் குளிரும், ஆழம் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால் விடியற்காலையில் மீன் ஆழத்தில்தான் நிற்கும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் கரைச்சரிவில் பதித்த கற்கள் சூடேறி, அவற்றில் படிந்த பாசியை மேய ஜிலேபி வரும். உள்வாய்ப் பக்கம் போனால் விரால். விரால் காற்றை வாங்கித் தண்ணீர் மேல் வந்து போகும் மீன். தண்ணீர் அசையாத நேரத்தில் அது மேலே வந்து மூச்சு வாங்கும் இடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். பார்த்த இடத்துக்கு ஓரடி தள்ளி, தவளை மாதிரிச் செய்த லூரை, அதாவது போலி இரையை, மெதுவாக இழுத்துவந்தால் போதும்.

விராலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தண்ணீர் மேல் செம்பழுப்பு நிறத்தில் பொடிக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்துக்கொண்டு போவதைப் பார்த்தால், தாயும் தகப்பனும் அடியிலேயே காவலுக்கு வருகின்றன என்று அர்த்தம். அந்த நேரத்தில் பக்கத்தில் எது விழுந்தாலும் பாய்ந்து கவ்வும். பிடிப்பது மிக எளிது. தயவுசெய்து பிடிக்காதீர்கள். பெரியதைத் தூக்கிவிட்டால் அந்தக் கூட்டம் முழுவதும் மற்ற மீனுக்கும் நீர்க்காகத்துக்கும் இரையாகிவிடும். மழைக்குப் பிந்தைய மாதங்களில் இந்தக் கூட்டங்கள் கண்ணில் படும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்த ஏரிக்குத் தண்ணீர் பாலாற்றிலிருந்து வருகிறது. வாலாஜாபேட்டைக்குப் பக்கத்தில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய பாலாறு அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்களில் ஒன்று காவேரிப்பாக்கத்துக்கு வருகிறது, இன்னொன்று மகேந்திரவாடிக்குப் போகிறது. ஏரி நிரம்பிக் கோடி (உபரி நீர் வெளியேறும் கல்தளம்) வழியாக வழிந்தால் அந்த நீர் கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து பூண்டி ஏரி வரைக்கும் போய்ச் சென்னைக்குக் குடிநீராகிறது. ஆகவே பாலாற்றில் வெள்ளம் வந்த வருடம் வேறு, வராத வருடம் வேறு. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அதற்கடுத்த தை மாதத்தில் இந்த ஏரி எப்படிக் கடல்போல் கிடந்தது என்று நினைவிருக்கும். ஆறு வறண்ட வருடத்தில் உள்வாய் வெறும் சேறாகிவிடும், விரால் இடங்கள் எல்லாம் போய்விடும். புறப்படுவதற்கு முன் ஏரியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று ஊர்க்காரர் யாரிடமாவது கேட்டுவிடுங்கள். பாதிக்குக் கீழே என்றால் நான் இந்தக் கட்டுரையில் சொல்லும் கணக்கெல்லாம் மாறும்.

வழி சுலபம். வேலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் ரத்தினகிரி, மேல்விஷாரம், வாலாஜா தாண்டி சுமார் 40 கி.மீ. இரவு வீட்டுக்கே திரும்பி வந்து மறுநாள் மறுபடி போகலாம். அறை எடுக்க வேண்டும் என்றால் ராணிப்பேட்டை, ஆற்காட்டில் விடுதிகள் உண்டு. சென்னையிலிருந்து வரும் உறவினர்களும் பாதி வழியில் சேர்ந்துகொள்ளலாம். தை மாதத்தில் அந்தச் சாலையில் விடியலில் பனிமூட்டம் இறங்கும், எதிரே நிற்கும் லாரிகூடக் கண்ணுக்குத் தெரியாது. மீன் காலை ஆறு மணிக்குக் கடிக்கப் போவதில்லை என்று முன்பே சொன்னேன். வெளிச்சம் வந்தபிறகு கிளம்புங்கள், எதுவும் நஷ்டமில்லை.

குறையும் உண்டு. கரையில் நிழல் குறைவு. கழிப்பிடம் கிடையாது. பெண்களையும் சின்னக் குழந்தைகளையும் நாள் முழுக்க அங்கே உட்காரச் சொல்வது நியாயமில்லை. காவேரிப்பாக்கம் ஊருக்குள் அல்லது நெடுஞ்சாலை உணவகத்துக்கு நடுநடுவே போய்வர வண்டி வைத்துக்கொண்டுதான் வர வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து தண்ணீருக்குள் இருக்கும் பள்ளங்கள். ஏரிகளில் கோடையில் வண்டல் மண் எடுப்பார்கள். மழையில் அந்தக் குழிகள் நிரம்பி மேலே ஒன்றும் தெரியாது. முழங்கால் தண்ணீர் என்று நினைத்து ஒரு அடி எடுத்து வைத்தால் ஆளையே முழுக்கிவிடும். உள்வாயில் இறங்கி நடக்கவே நடக்காதீர்கள். கோடியின் கல்தளத்தில் பாசி வழுக்கும், மதகுப் பக்கம் தண்ணீர் உள்ளே இழுக்கும். குழந்தைகளை இந்த இரண்டு இடத்துக்கும் விடக் கூடாது.

அடுத்தது அனுமதி. ஏரி அரசுடையதுதான். ஆனால் மீன் பிடிக்கும் உரிமையை மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ ஏலம் எடுத்தவருக்கோ குத்தகைக்கு விடுவது இங்கே வழக்கம். குஞ்சு வாங்கி விடுவது அவர்கள், காவல் காப்பது அவர்கள், கோடையில் தண்ணீர் வற்றும்போது வலை இழுத்து அந்த வருடத்து வருமானத்தைப் பார்ப்பதும் அவர்கள்தான். நாம் அங்கே விருந்தாளி. நேராகப் போய்க் கேட்பதுதான் மரியாதை.

"அண்ணே, வேலூர்ல இருந்து வர்றோம். ரெண்டு நாள் ஓரமா உக்காந்து தூண்டில் போட்டுக்கலாமா?"

"தூண்டில்தானே, போட்டுக்கோங்க தம்பி. குஞ்சு மாட்டுனா உட்டுடுங்க. வலை, கிலை எடுத்துனு வந்தா மட்டும் சும்மா இருக்க மாட்டோம்."

பெரும்பாலும் பேச்சு இந்த அளவில் முடிந்துவிடும். சில இடங்களில் ஒரு தொகை கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். கட்லா, ரோகு என்றால் அவர்கள் பணம் போட்டு வளர்த்த மீன். எத்தனை எடுத்துப் போகலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு, அதற்கு மேல் மாட்டியதைத் திருப்பி விட வேண்டும். ஜிலேபியைப் பற்றி இந்தக் கவலை வேண்டாம். அது தானாகவே பெருகி மற்ற மீனின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு எடுத்தாலும் ஏரிக்கு நல்லதுதான், சங்கத்தாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது சாத்தனூர். தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் கட்டிய அணை, நீர்மட்டம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. காவேரிப்பாக்கம் ஏரியைப்போல் ஐந்து மடங்குத் தண்ணீர். பெரிய மீன் இருப்பதும் உண்மை, பரிசலில் போய் வலை விடுகிறவர்கள் கொண்டுவரும் கட்லாவைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த மீன் வலைக்காரருக்கு எட்டும் மீன், கரையில் உட்காரும் நமக்கு அல்ல. மலை இடுக்கில் தேங்கிய ஆழமான தண்ணீர் தை மாதத்தில் மெதுவாகத்தான் சூடாகும். மீன் நடு நீரில் கரையிலிருந்து வெகு தூரம் தள்ளி நிற்கும். அணையை ஒட்டிய இடங்கள் பாதுகாப்புப் பகுதி, அங்கே தூண்டிலோடு போக முடியாது. முறையான அனுமதி இல்லாமல் வேறு எங்கேயும் போடக் கூடாது. அனுமதி வாங்கினாலும் நல்ல கரையைத் தேடி அலைவதிலேயே ஒரு நாள் போகும்.

அப்புறம் முதலை. சாத்தனூரில் முதலைப் பண்ணை இருப்பது எல்லோருக்கும் தெரியும். நீர்த்தேக்கத்திலும் அதற்குக் கீழே ஆற்றிலும் முதலை தென்படுவது உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குளிர்காலத்துக் காலை வெயிலில் முதலை கரையேறிப் படுக்கும். மீன் பிடிக்க நாம் தேடுகிற வெயில் படும், ஆழம் குறைந்த கரையைத்தான் அதுவும் தேடும். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். அணைக்குக் கீழே ஆற்றுக்குள் இறங்கி உட்காருவதும் வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது அங்கிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட வேண்டி வந்தது. கரையோர ஊர்கள் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. மதகுக்குக் கீழே இருக்கும் ஆறு எந்த நேரத்திலும் மாறும்.

ஆனால் குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால் என் தீர்ப்பு மாறிவிடும். பூங்கா இருக்கிறது, நிழல் இருக்கிறது, கழிப்பிடம் இருக்கிறது. குழந்தைகள் முதலைப் பண்ணையைப் பார்ப்பார்கள். அணைப் பக்கத்துக் கடைகளில் மசாலா தடவி எண்ணெயில் பொரித்துத் தரும் மீனுக்காகவே போகலாம். பெரியவர்களுக்குத் திருவண்ணாமலை கோயிலும் ஆகும். வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலை 80 கி.மீ.க்குச் சற்று மேல், அங்கிருந்து தண்டராம்பட்டு வழியாக இன்னும் 30 கி.மீ. போல. ஆக இரவு தங்கியே ஆக வேண்டும். பௌர்ணமியை ஒட்டிய சனி ஞாயிறு என்றால் கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலையில் அறை கிடைப்பது கஷ்டம். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். காணும் பொங்கலை ஒட்டிய நாட்களில் அணைப் பக்கம் தலை வைக்கவே வேண்டாம், நிற்க இடம் இருக்காது.

மோர்தானா இவை இரண்டுக்கும் முற்றிலும் வேறு. குடியாத்தத்துக்கு மேற்கே ஆந்திர எல்லையை ஒட்டி, கவுண்டன்யா ஆற்றின் குறுக்கே 11.5 மீட்டர் உயரத்தில் கட்டியது. கொள்ளளவு 261 மில்லியன் கன அடிதான். நிரம்பினால் தானாகவே வழிந்து ஓடும். சுற்றிலும் மலை, காடு, தெளிந்த தண்ணீர். கண்ணுக்கு அழகு என்று பார்த்தால் மூன்றில் இதுதான் முதல். நல்ல மழை பெய்த வருடத்தில் தை மாதம் வரைக்கும்கூட வழிந்துகொண்டிருக்கும்.

ஆனால் அந்த அழகுக்குக் காரணமான காடுதான் தடையும். ஆற்றின் மேல்பக்கம் ஆந்திரத்தின் கவுண்டன்யா வனவிலங்குச் சரணாலயம். அங்கிருக்கும் யானைகள் எல்லை பார்த்து நடப்பதில்லை. குடியாத்தம் பக்கத்து நிலங்களில் இறங்கி வாழையையும் நெல்லையும் மிதித்துவிட்டுப் போவது அங்குள்ள விவசாயிகளின் தீராத கவலை. சிறுத்தை நடமாட்டமும் உண்டு. மாலையில் யானை தண்ணீருக்கு வரும் நேரமும், தூண்டில்காரர்கள் நல்ல நேரம் என்று நினைக்கும் நேரமும் ஒன்றுதான். அதனால் அங்கே நாலு மணிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கூடாரம் அடித்து இரவு தங்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கூடாது. வனத்துறை ஆட்கள் விரட்டுவார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, உயிருக்காகச் சொல்கிறேன். தெளிந்த தண்ணீரில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. கரையில் நிற்கும் நம் நிழலையே மீன் பார்த்துவிடும். கெண்டை, கெளுத்தி போன்ற சின்ன மீன் விழும், பெரிதாக எதிர்பார்க்க முடியாது. காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை ஒரு பகல் போய்வர, சோறு கட்டிக்கொண்டு போக நல்ல இடம். அவ்வளவே.

வேறு பெயர்களும் பேச்சில் வரும். ஏலகிரியின் புங்கனூர் ஏரி படகு விடும் இடம், தூண்டிலுக்கானது அல்ல. அதோடு ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், தை மாதத்தில் தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்கும். ஜமுனாமரத்தூர் பக்கம் போவதென்றால் இரவு வானம் பார்க்கப் போங்கள், காவலூர் வானாய்வகம் அங்கே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளை ஒட்டிய சின்ன ஏரிகள், குட்டைகளில் சிலர் தூண்டில் போடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் பிடித்த மீனை நான் சமைக்க மாட்டேன், யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன். தோல் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பது 1996இலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போன விஷயம். குரோமியக் கழிவைக் கொட்டி வைத்த ஊருக்குப் பக்கத்தில் கிடைக்கும் மீன் இலவசம் என்று நினைப்பது நம் பிள்ளைகளுக்குச் செய்யும் கெடுதல்.

சரி, காவேரிப்பாக்கம் என்று முடிவானால் என்ன கொண்டுபோவது? கோடையில் எடுத்துப் போகும் பெரிய முள்ளையும் பெரிய மாவு உருண்டையையும் வீட்டில் விட்டுவிடலாம். ஜிலேபிக்குச் சின்ன முள், மெல்லிய நரம்பு, சின்னத் தக்கை. ஈயம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் இந்த மாதத்தில் மீன் இரையை லேசாகத்தான் தொடும். கனமான தக்கை அந்த அசைவைக் காட்டாது. மண்புழுவைத் துண்டாக நறுக்கிப் போடுங்கள். புழு கிடைக்காவிட்டால் கேழ்வரகுக் களியைக் கெட்டியாகக் கிளறி ஆறவைத்து, மிளகளவு உருட்டிப் போடலாம். நம் பக்கத்து வீடுகளில் எப்போதும் கிடைப்பது, முள்ளிலிருந்து சீக்கிரம் கரையவும் கரையாது. ரோகு, மிருகாலுக்குக் கடலைப் பிண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து அடியில் போட வேண்டும். மிருகால் அடியில் மேயும், ரோகு நடுத் தண்ணீரில், கட்லா மேலே. கூட இருப்பவர்கள் ஆளுக்கொரு ஆழத்தில் போட்டுப் பார்த்தால், எந்தச் சூட்டில் மீன் நிற்கிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பிறகு எல்லோரும் அந்த ஆழத்துக்கு மாறிக்கொள்ளலாம். தண்ணீரில் இரை தூவுவதை வெயில் காலத்தில் செய்வதில் பாதியளவுதான் செய்ய வேண்டும். பசியில்லாத மீனுக்கு முன்னால் நிறைய இரையைக் கொட்டினால் முள்ளில் இருப்பதை ஏன் தொடப்போகிறது?

நேரம் பற்றி: ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்று, மூன்றிலிருந்து வெயில் சாயும் வரை இன்னொன்று. காற்று எந்தப் பக்கத்தை நோக்கி வீசுகிறதோ அந்தப் பக்கத்துக் கரையில் உட்காருங்கள். மார்கழி, தையில் இங்கே வாடைக்காற்றுதான் அதிகம், வடக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ அடிக்கும். சூடான மேல்தண்ணீரையும் அதில் மிதக்கும் பூச்சியையும் அது எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும், மீனும் பின்னாலேயே வரும். காற்று முகத்தில் அடிப்பது சிரமம்தான், ஒரு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டால் போகிறது. நீர்க்காகங்கள் கூட்டமாக முங்கி எழும் இடத்தையும் கவனியுங்கள், பொடி மீன் அங்கேதான் இருக்கும். பொடி மீன் இருக்கும் இடத்தில் விராலும் வாளையும் சுற்றும்.

இரண்டு நாளையும் தூண்டிலிலேயே கழிக்க வேண்டியதில்லை. நண்பகலில் மீன் ஓயும் நேரத்தில் மகேந்திரவாடிக்கு ஒரு நடை போய்வரலாம். ஒரே பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் எடுத்த குடைவரைக் கோயில் அங்கே இருக்கிறது. 'மகேந்திர தடாகம்' என்னும் ஏரிக்கரையில் இந்த விஷ்ணு கோயிலை எடுத்ததாக அவன் கல்வெட்டே சொல்கிறது. 1,400 வருடத்துக்கு முன் ஏரியையும் கோயிலையும் சேர்த்தே யோசித்த ஊர் இது. அந்த ஏரிக்கும் இன்று பாலாற்று அணைக்கட்டுத் தண்ணீர்தான்.

சமைப்பதாக இருந்தால் சனிக்கிழமை பிடித்ததைச் சனிக்கிழமையே சமைத்துவிடுங்கள். ஜிலேபியைக் கரையிலேயே செதில் நீக்கி, குடல் எடுத்துக் கழுவி, மஞ்சள் தடவி, பனிக்கட்டி போட்ட பெட்டியில் வைத்தால் வாடை அடிக்காது. குடலையும் செதிலையும் ஏரிக்கரையில் எறியாமல் குழி தோண்டி மூடிவிட வேண்டும். தை மாதத்தில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் சந்தைக்கு வரும், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். அதை நாலாகக் கீறி மீன் குழம்பில் போட்டு, மண்சட்டியில் கொதிக்கவிட்டு, பக்கத்தில் கேழ்வரகுக் களி இருந்தால் ஆற்காட்டுப் பக்கத்து மனிதனுக்கு வேறு எதுவும் வேண்டாம். விரால் கிடைத்தால் குழம்புக்குத்தான், பொரிப்பது அந்தச் சதைக்குச் செய்யும் அநியாயம்.

நாள் குறிப்பதில் கடைசியாக ஒன்று. காணும் பொங்கல் வாரத்தை விட்டுவிடுங்கள். தைக் கிருத்திகையன்று ரத்தினகிரி, வள்ளிமலை சாலைகளில் காவடிக் கூட்டம் இருக்கும். பாதிப்பேர் அன்று சைவம் வேறு. இவை இரண்டையும் தவிர்த்து, முந்தின இரண்டு நாள் மேகமில்லாமல் வெயில் அடித்த சனிக்கிழமையாகப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மழையோ மேகமூட்டமோ இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுவது நல்லது. காவேரிப்பாக்கத்தில் சங்கத்தார் அந்த வாரம் வலை இழுக்கிறோம் என்று சொல்லிவிட்டால் தகராறு செய்யாமல் மகேந்திரவாடி ஏரியில் கேட்டுப் பாருங்கள். அங்கும் இல்லை என்றால் சனிக்கிழமை ஒரு பகலுக்கு மோர்தானா போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்துவிடலாம்.